வெட்டும் கையும் ஒட்டும் கையும்: ஆக்சிஜன் காயப்படுத்தும் டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் நொதிகள்

இதய அறுவை சிகிச்சையில் மருத்துவர்கள் மிகுந்த கவனத்தோடு கடக்கும் கட்டம் ஒன்று உண்டு. நிறுத்தி வைத்த ரத்த ஓட்டத்தை மறுபடி திறந்துவிடும் கட்டம் அது. அதுவரை பட்டினி கிடந்த இதயத் தசைக்கு ஆக்சிஜன் திரும்பக் கிடைக்கிறது. கிடைத்த அந்த ஆக்சிஜனே முதல் சில நிமிடங்களில் தசையைத் தாக்கவும் செய்கிறது. பெங்களூர் வைட்ஃபீல்டின் இ.பி.ஐ.பி. பகுதியில், 2001-இல் திறக்கப்பட்டுக் கட்டணம் வாங்காமல் இதய அறுவை செய்துவரும் ஸ்ரீ சத்ய சாயி உயர் மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. கையில் மருத்துவக் கோப்புகளோடு அதன் வாசலில் காத்திருக்கும் குடும்பங்களைக் கடந்து போகும்போதெல்லாம் இந்த முரண் எனக்கு நினைவுக்கு வரும். உயிர் தரும் காற்றுதான் உயிரணுவுக்குள் காயத்தையும் கொண்டு வருகிறது. அறுவைக்கு உள்ளாகும் நோயாளியின் இதயத்தில் சில நிமிடங்களில் குவிந்து வருவது, மூச்சு விடும் நம் எல்லோருக்கும் வாழ்நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கிறது.

காயத்தை விட அதை ஆற்றும் நொதிகளைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். இந்தத் துறையின் ஏறத்தாழ 45 ஆண்டு ஆய்வுகளைத் தொடர்ந்து படித்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று. டி.என்.ஏ.வைச் சீராக்குவது தனியொரு நொதியின் சாமர்த்தியம் அன்று. ஒரு கையிலிருந்து மறு கைக்கு வேலை மாறிக்கொண்டே போகும் வரிசை. அந்தக் கைமாற்றம் எங்கே தடைபடுகிறதோ அங்கேதான் நோய் நுழைகிறது.

முதலில் காயம். மைட்டோகாண்ட்ரியாவில் உணவு எரிந்து ஆற்றலாகும்போது ஆக்சிஜனில் ஒரு சிறு பங்கு முழுமையாக நீராகாமல் சூப்பராக்சைடாகவும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் வழி தவறுகிறது. இதுவரை ஆபத்து குறைவு. இரண்டையும் அடக்க உயிரணுவில் தனித்தனி நொதிகள் இருக்கின்றன. ஆனால் பெராக்சைடு ஓர் இரும்பு அணுவைச் சந்தித்தால் ஹைட்ராக்சில் தனியுறுப்பு பிறக்கிறது. அதைப் பிடிக்க எந்த நொதிக்கும் நேரம் இருப்பதில்லை. பிறந்த இடத்திலேயே அருகில் இருப்பதைத் தாக்கிவிட்டு மறைகிறது. அருகில் டி.என்.ஏ. இருந்தால், அதன் நான்கு எழுத்துகளில் (பாடநூல்கள் நைட்ரஜன் காரங்கள் என்னும்) எளிதில் எலக்ட்ரானை இழக்கக்கூடியது குவானைன் என்பதால் பெரும்பாலும் அதுவே அடிபடுகிறது. எட்டாம் இடத்தில் ஓர் ஆக்சிஜன் ஏறிக்கொள்ள, குவானைன் 8-ஆக்சோகுவானைன் ஆகிறது.

இதைக் கண்டறிந்த விதம் சமையலறையை ஒட்டியது. டோக்கியோவில் ஹிரோஷி கசாயும் சுசுமு நிஷிமுராவும் சூடாக்கிப் பழுப்பேறிய சர்க்கரையில் மரபணுவைக் கெடுக்கும் பொருள் எது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலில், 1984-இல், குவானைனின் எட்டாம் இடத்தில் ஆக்சிஜன் ஏறிய இந்த வடிவம் அகப்பட்டது. வைட்டமின் சி கூட, சோதனைக் குழாயில் ஆக்சிஜனோடு சேர்ந்தால் இந்தச் சேதத்தை உண்டாக்கும் என்று அவர்கள் அப்போதே காட்டினார்கள். அதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஓர் ஆக்சிஜன் ஏறினால் அப்படி என்ன கெட்டுவிடும்? குவானைன் இயல்பாகச் சைட்டோசினோடு ஜோடி சேரும். 8-ஆக்சோகுவானைனோ தன் அச்சில் புரண்டு படுத்துக்கொண்டு அடினைனோடும் கச்சிதமாக ஜோடி சேரும். டி.என்.ஏ.வை நகலெடுக்கும் நொதிக்கு அதில் பிழை தெரிவதில்லை. அடுத்த நகலில் அந்த அடினைனுக்கு எதிரே தைமின் வந்து உட்காரும். குவானைன்–சைட்டோசின் இருந்த இடம் இரண்டே பிரிவில் தைமின்–அடினைன் ஆகிவிடும். சேதம் என்பது அழிக்கக்கூடிய கறை. பிழை என்பது எழுத்தே மாறிப்போவது. முன்னது பின்னதாக மாறுவதற்கு இடைப்பட்ட நேரமே நொதிகளுக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஓர் உயிரணுவில் எத்தனை கறைகள் இருக்கின்றன என்ற கேள்விக்கு நெடுங்காலம் நேரான பதில் இல்லை. ஒரே வகை மாதிரியை அளந்த ஆய்வகங்கள் நூறு மடங்கு வரை வேறுபட்ட எண்களைச் சொல்லின. 1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஆய்வகங்கள் பல ஒன்றுகூடி, ஒரே மாதிரியைத் தங்களுக்குள் பகிர்ந்து அளந்து பார்த்தன. வெட்கப்பட வேண்டிய ஓர் உண்மை வெளிவந்தது. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் சூடாக்கித் தயார்படுத்தும் வேலையிலேயே குவானைன் ஆக்சிஜனேற்றம் அடைந்துகொண்டிருந்தது. ஆய்வாளர்கள் நோயாளியின் காயத்தோடு தங்கள் கை உண்டாக்கிய காயத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். திருத்திய கணக்கு, பத்து லட்சம் குவானைனுக்கு ஏறத்தாழ 0.3 முதல் 4 வரை என்று நின்றது. மனித உயிரணு ஒன்றில் உள்ள குவானைன்களைப் பெருக்கிப் பார்த்தால், எந்த நேரத்திலும் சுமார் 800 முதல் 10,000 வரை கறைகள். எண்ணிக்கையில் இன்னும் இடைவெளி இருக்கிறது. ஆனால் தங்கள் அளவுகோலையே சந்தேகித்துத் திருத்திக்கொண்ட அந்தச் சில ஆண்டுகளை இந்தத் துறையின் மிக நேர்மையான காலமாகக் கருதுகிறேன்.

அளக்கும் முறைகளில் கண்ணால் பார்க்கக்கூடியது வால்மீன் சோதனை. அதன் இன்றைய வடிவத்தை 1988-இல் வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியர் இந்தியரான நரேந்திர பி. சிங். ரத்த அணுக்களை அகர் கூழில் கலந்து கண்ணாடிச் சில்லில் பரப்பி, சவ்வுகளைக் கரைத்து, காரக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்துவார்கள். முழுமையான டி.என்.ஏ. உருண்டையாக அசையாமல் நிற்கும். அறுந்த துண்டுகள் மின்முனையை நோக்கி இழுபட்டு வால் விடும். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆக்சிஜன் கறை தானாக இழையை அறுப்பதில்லை. எனவே வால் தெரியாது. எஃப்.பி.ஜி. என்ற பாக்டீரிய நொதியைச் சில்லின் மேல் ஊற்றினால் அது கறை இருக்கும் இடங்களைத் தேடி வெட்டும். ஓர் ஆய்வகத்தில் இரண்டு சில்லுகளையும் அருகருகே பார்க்க எனக்கு வாய்த்தது. நொதி ஊற்றாத சில்லில் இருண்ட வானத்தில் வட்ட நிலாக்கள். ஊற்றியதில் அதே மனிதரின் அதே ரத்தம், ஒவ்வொரு நிலாவுக்கும் மங்கலான வால். அதுவரை நான் படித்துத் தெரிந்திருந்த சேதம் அன்றுதான் கண்ணில் பட்டது.

அந்த எஃப்.பி.ஜி. நொதியை 1979-இல் கண்டறிந்தவர்கள் ஜிம்பாப்வேயைச் சேர்ந்த கிறிஸ்டோபர் செட்சங்காவும், பின்னர் 2015-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தோமஸ் லிண்டாலும். மனிதரில் அதே வேலையைச் செய்யும் நொதி ஓ.ஜி.ஜி.1, அதன் மரபணு 1997-இல் பிரித்தெடுக்கப்பட்டது. கோடிக்கணக்கான நல்ல குவானைன்களுக்கு நடுவில் கறை படிந்த ஒன்றை அது எப்படிக் கண்டுகொள்கிறது? ஹார்வர்டில் கிரெகரி வெர்டினின் குழு 2000-இல் வெளியிட்ட படிக அமைப்பு இதற்குப் பதில் தந்தது. நொதி டி.என்.ஏ.வை வளைத்து, சந்தேகத்துக்குரிய எழுத்தை இழையிலிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் இழுத்துக்கொள்கிறது. நல்ல குவானைனின் ஏழாம் இடத்தில் ஹைட்ரஜன் இல்லை. கறை படிந்ததில் இருக்கிறது. நொதியின் 42-ஆம் அமினோ அமிலமான கிளைசின் அந்த ஒரே ஒரு ஹைட்ரஜனைத் தொட்டு உணர்கிறது. புதிதாக ஏறிய ஆக்சிஜனை நொதி நேரடியாகத் தொடுவதே இல்லை. அடையாளம் அந்த ஒற்றை ஹைட்ரஜன்தான்.

கெட்ட எழுத்தை நீக்கியதும் வேலை முடிந்துவிடுவதில்லை. உண்மையில் ஆபத்து கூடுகிறது. எழுத்தில்லாத வெற்றிடம் கறையை விட மோசமானது. அதன் வழியே நகலெடுக்கும் நொதி தடுமாறும், இழை அறுந்துபோகவும் கூடும். அடுத்து வரும் ஏ.பி.இ.1 அந்த இடத்தில் இழையையே வெட்டுகிறது. வெட்டிய இழை வெற்றிடத்தை விடவும் மோசம். பிறகு பாலிமரேஸ் பீட்டா சரியான எழுத்தை வைக்க, லைகேஸ் இழையை ஒட்டுகிறது. முதல் படிகள் ஒவ்வொன்றும் முந்தைய காயத்தை விடப் பெரிய காயத்தை அடுத்தவர் கையில் ஒப்படைக்கிறது. இந்த ஒப்படைப்பைப் பற்றிய அழகான ஆய்வு ஒன்று 2001-இல் அமெரிக்காவின் கால்வெஸ்டனில், இந்தியாவில் பிறந்த சங்கர் மித்ராவின் குழுவிலிருந்து வந்தது. ஓ.ஜி.ஜி.1 தான் உண்டாக்கிய வெற்றிடத்தை விட்டு எளிதில் நகர்வதில்லை, ஏ.பி.இ.1 வந்து அதை விலக்கிய பிறகே அடுத்த கறையைத் தேடிப் போகிறது என்று அவர்கள் காட்டினார்கள். முதலில் இதை நொதியின் மந்தம் என்றுதான் நினைத்தேன். இப்போது அதைக் காவல் என்று சொல்வேன். அடுத்த ஆள் வரும்வரை காயத்தை மூடிக்கொண்டு நிற்கும் காவல்.

பாக்டீரியாவில் இந்தக் காவல் மூன்று அடுக்கு. டி.என்.ஏ.வுக்குள் நுழையும் முன்பே, மூலப்பொருள் கிடங்கில் கெட்டுப்போன குவானைனைச் சிதைப்பது மியூட்-டி. இழைக்குள் இருக்கும் கறையை வெட்டுவது மியூட்-எம். மேலே சொன்ன எஃப்.பி.ஜி.யின் மறுபெயர்தான் அது. இரண்டையும் தாண்டிக் கறைக்கு எதிரே அடினைன் உட்கார்ந்துவிட்டால், மியூட்-ஒய் வந்து அந்த அடினைனை நீக்கும். இது விசித்திரமான நொதி. கறை படிந்ததைத் தொடாமல், எந்தக் கறையும் இல்லாத அடினைனை வெளியேற்றுகிறது. ஏனென்றால் கறையை அந்த நேரத்தில் நீக்கினால் எதிரே இருக்கும் தவறான அடினைனைப் பார்த்து அதற்கேற்பத் தைமின் எழுதப்பட்டுப் பிழை நிலைத்துவிடும். முதலில் அடினைன் போய்ச் சைட்டோசின் வர வேண்டும். பிறகே மியூட்-எம் கறையை எடுக்கலாம். வரிசை மாறினால் சீராக்கமே பிழையாகிவிடும்.

இந்த மூன்றடுக்கை இந்தியாவில் மிக ஆழமாக ஆராய்ந்த இடம் வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ ரயிலின் ஊதாத் தடத்தில் ஏறி, மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறிப் போனால் அடையக்கூடிய தூரத்தில் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் உமேஷ் வர்ஷ்னியின் ஆய்வுக்குழு காசநோய்க் கிருமியையும் அதன் தீங்கற்ற உறவான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸையும் வைத்துப் பல ஆண்டுகள் உழைத்தது. கேள்வி நம் நாட்டுக்கே உரியது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழக் கால் பங்கினர் இந்தியாவில் இருக்கிறார்கள். கிருமி நம் வெள்ளணுவுக்குள் புகுந்ததும் வெள்ளணு அதன்மேல் ஆக்சிஜன் தனியுறுப்புகளைப் பொழிகிறது. கிருமியின் மரபணுத் தொகுப்பில் குவானைனும் சைட்டோசினும் சேர்ந்து சுமார் 65 விழுக்காடு. அதாவது அடிபடக்கூடிய எழுத்து மிகுதி. போதாக்குறைக்கு, மற்ற பாக்டீரியாக்களில் நகல் பிழைகளைத் திருத்தும் மியூட்-எஸ், மியூட்-எல் ஜோடி இதற்குக் கிடையாது. அந்த வேலையை நியூக்-எஸ் என்ற வேறொரு புரதம் செய்வது 2017-இல்தான் வெளிவந்தது. இத்தனை நெருக்கடியிலும் கிருமி பிழைத்திருக்கிறது என்றால், ஆக்சிஜன் கறையை நீக்கும் நொதிகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

வர்ஷ்னி குழு மியூட்-எம் இல்லாத, மியூட்-ஒய் இல்லாத மைக்கோபாக்டீரியங்களை உருவாக்கி, எந்த வகை எழுத்துப் பிழைகள் எங்கே பெருகுகின்றன என்று 2007 முதல் வரிசையாக வெளியிட்டது. இவற்றில் என்னை மிகவும் ஈர்த்தது 2013-இல் வந்த ஆய்வு. ஈ.கோலை பாக்டீரியாவில் மியூட்-டி ஒரே அடியில் கெட்ட மூலப்பொருளின் இரண்டு பாஸ்பேட்டுகளை வெட்டி எறிந்துவிடும். காசநோய்க் கிருமியில் மியூட்-டி1 ஒரு பாஸ்பேட்டை மட்டுமே வெட்டுகிறது. மிச்சத்தை முடிக்க ஏ.டி.பி.ரைபேஸ் என்ற இரண்டாம் நொதி வேண்டும். இந்தக் காவல் குறைந்தால் அடினைன் இருக்க வேண்டிய இடத்தில் சைட்டோசின் வரும் பிழைகள் பெருகுகின்றன. ரிஃபாம்பிசின் மருந்துக்கு எதிர்ப்பு உருவாவதும் இப்படிப்பட்ட ஓர் எழுத்து மாற்றத்தால்தான். அதே கழகத்தில் படிக அமைப்பியலின் முன்னோடியான எம். விஜயனின் குழுவும் இந்த நொதிகளின் வடிவங்களை வரைந்து தந்தது. கிருமியின் நொதியை முடக்கினால் அது வெள்ளணுவுக்குள் எளிதாகச் சாகுமா, அல்லது பிழைகள் பெருகி மருந்துக்கு அடங்காத கிருமி விரைவாகப் பிறக்குமா? இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. இதற்குத் தெளிவான விடை வராமல் அந்த வழியில் மருந்து தேடுவது ஆபத்து என்பது என் கருத்து.

கைமாற்றம் தடைபடுவதற்கு இன்னும் சில இந்தியச் சான்றுகள். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் கே. சுப்பா ராவின் குழு, வயதான எலிகளின் நரம்பணுச் சாற்றில் இடைவெளியை நிரப்பும் வேலை நலிந்திருப்பதைக் கண்டது. பாலிமரேஸ் பீட்டாவையும் லைகேஸையும் வெளியிலிருந்து சேர்த்ததும் வேலை மீண்டது. முதுமையில் வரிசையின் கடைசிக் கைகள் ஓய்ந்துபோகின்றன என்று இதைப் படிக்கிறேன். மித்ராவும் தபஸ் ஹஸ்ராவும் 2002-இல் அறிவித்த நீல்1, நீல்2 நொதிகளும் கறை எடுப்பவை. மூளையில் மிகையாகச் சேரும் இரும்பும் செம்பும் இந்த நொதிகளையே முடக்குவதாக மைசூருவில் பணியாற்றிய கே.எஸ். ராவ், முரளிதர் ஹெக்டே ஆகியோருடன் சேர்ந்து 2010-இல் அவர்கள் காட்டினார்கள். அதாவது இரும்பு காயத்தையும் உண்டாக்குகிறது, காயம் ஆற்றும் கையையும் கட்டுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் சேர்த்தபோது அந்தக் கட்டு அவிழ்ந்தது. ஆய்வகத்தில் கண்ட விளைவு அது. மஞ்சள் பால் குடித்தால் மறதி நோய் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குர்குமின் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதே மிகக் குறைவு.

விறகடுப்புப் புகை பற்றிய ஆய்வு இதைவிட நேரடியானது. கொல்கத்தாவின் சித்தரஞ்சன் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் மனாஸ் ரஞ்சன் ரேயின் குழு, விறகிலும் வறட்டியிலும் சமைக்கும் கிராமத்துப் பெண்களின் சளியில் வரும் சுவாசக்குழல் அணுக்களை, எரிவாயுவில் சமைப்பவர்களின் அணுக்களோடு ஒப்பிட்டது. புகை சூழ்ந்தவர்களிடம் 8-ஆக்சோகுவானைன் கூடியிருந்தது, ஓ.ஜி.ஜி.1, ஏ.பி.இ.1 ஆகிய சீராக்கும் புரதங்களோ குறைந்திருந்தன. கூடுதல் காயத்துக்குக் கூடுதல் மருத்துவர்கள் வருவார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அங்கே நடந்தது நேர்மாறு. அந்தப் பெண்கள் நம் பாட்டிகள், நம் அத்தைகள். ஊதுகுழலை வாயில் வைத்துப் புகைக்குள் குனிந்தே ஆயுளைக் கழித்தவர்கள். இந்தியாவின் காற்றுத் தர அளவு நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு 5. வைட்ஃபீல்டின் நெரிசலில் தினமும் நிற்கும் ஓட்டுநர்களுக்கும் போக்குவரத்துக் காவலர்களுக்கும் இந்த எட்டு மடங்கு இடைவெளி உடம்பில் எழுதப்படுகிறது.

நொதியைக் கூட்டுவதுதான் நன்மையா? அதுவும் இல்லை. ஓ.ஜி.ஜி.1 இல்லாத எலிகள் 1999-இல் உருவாக்கப்பட்டபோது கறைகள் சேர்ந்தாலும் அவை நலமாகவே வளர்ந்தன. மியூட்-ஒய்க்கு இணையான நொதியையும் சேர்த்து நீக்கியபோதுதான் கட்டிகள் பெருகின. ஓ.ஜி.ஜி.1 அழற்சியைத் தூண்டும் மரபணுக்களை முடுக்குவதும் பின்னர் தெரியவந்தது. அதை முடக்கும் டி.ஹெச்.5487 என்ற மூலக்கூறு எலிகளின் நுரையீரல் அழற்சியைத் தணித்ததாக 2018-இல் சுவீடனிலிருந்து அறிவித்தார்கள். புற்றணுவின் மூலப்பொருள் காவலான எம்.டி.ஹெச்.1-ஐ முடக்கினால் புற்று சாகும் என்று 2014-இல் எழுந்த நம்பிக்கை, வேறு ஆய்வகங்கள் செய்து பார்த்தபோது இரண்டே ஆண்டில் தடுமாறியது.

இன்னொரு பக்கம், மருந்துக்கடை அலமாரிகளில் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு என்று அச்சிட்ட புட்டிகள் நிரம்பி வழிகின்றன. ஃபின்லாந்தில் புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்து நடத்திய பெரிய ஆய்வு 1994-இல் முடிவு சொன்னது. மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 விழுக்காடு கூடியிருந்தது. வைட்டமின் சி பற்றி முன்பு சொன்னதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். காய்கறியும் பழமும் வேண்டும். அந்தப் புட்டிகளுக்குச் செலவழிக்கும் பணம் வீண்.

கடைசியாக, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம். 2002-இல் வேல்ஸின் கார்டிஃபில் ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தைப் பார்த்தார்கள். உடன்பிறந்தவர்கள் மூவருக்குப் பெருங்குடலில் பல கட்டிகள். வழக்கமாக இதற்குக் காரணமாகும் ஏ.பி.சி. மரபணுவில் பரம்பரைக் கோளாறு எதுவும் இல்லை. கட்டிகளுக்குள் இருந்த பிழைகளை வாசித்தபோது அவற்றில் பெரும்பாலானவை குவானைன்–சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின்–அடினைன். மியூட்-ஒய் இல்லாத பாக்டீரியாவின் கைரேகை அது. தேடினார்கள், மியூட்-ஒய்யின் மனித இணையான மியூடிஒய்ஹெச் மரபணுவின் இரு பிரதிகளும் அவர்களிடம் பழுதாகியிருந்தன. ஆக்சிஜன் கறையை நீக்கும் நொதி கெட்டால் மனிதருக்குப் புற்று வரும் என்பதற்கு முதல் நேரடிச் சான்று அது. தொடர்ந்து வந்த ஆய்வில், இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கென்று ஒரு தனித்த பிழையும் அதே மரபணுவில் அகப்பட்டது.

இந்த நோய் வெளிப்பட இரண்டு பிரதிகளும் கெட்டிருக்க வேண்டும். ஒரு பிரதி மட்டும் கெட்ட பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார்கள். ஆகவே குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லை என்று மருத்துவரிடம் சொல்வார்கள். அதே பழுதான பிரதி கணவன் மனைவி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு, சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் ஊர்களில் கூடுகிறது. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது என்று தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்களை யாரும் குற்றம் சொல்லத் தேவையில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்தால் போதும்.

உங்கள் வீட்டில் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளில் இருவருக்குப் பெருங்குடலில் கட்டிகளோ புற்றோ வந்திருந்து, அப்பா அம்மாவுக்கு எதுவும் இல்லை என்றால், அதைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் மியூடிஒய்ஹெச் என்ற பெயரைச் சொல்லி மரபணுப் பரிசோதனை கேளுங்கள்; பெங்களூரிலும் சென்னையிலும் அதைச் செய்கிறார்கள். பழுது உறுதியானால் உடன்பிறந்த மற்றவர்களையும் பரிசோதியுங்கள். இரு பிரதிகளும் கெட்டவர்களுக்கு 20 முதல் 30 வயதுக்குள் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனையைத் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்தால், கட்டிகளைப் புற்றாகும் முன்பே எடுத்துவிட முடியும்.